ஸ்டேக் (தடிமனான மாட்டிறைச்சித் துண்டு) வறுத்த சட்டியிலேயே சாஸ் வைத்தால் கசக்கிறது, வெண்ணெயும் பிரிந்து மிதக்கிறது. ஏன்?

கசப்பு சாஸ் வைக்கும்போது வருவதில்லை. இறைச்சியை வறுக்கும்போதே வந்துவிடுகிறது. சட்டியின் அடியில் ஒட்டும் பழுப்புப் படலம்தான் சாஸுக்கு உயிர். அது கருகிவிட்டால் எதை ஊற்றினாலும் மீளாது. நிறம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அடி கனத்த எவர்சில்வர் சட்டியே நல்லது. நான்ஸ்டிக்கில் படலம் சரியாகப் பிடிக்காது.

3 செ.மீ. தடிமனான ரிப்-ஐ (விலா எலும்புப் பகுதி இறைச்சி) துண்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே உப்புத் தடவுங்கள். பத்து நிமிடத்தில் அடுப்பில் போட்டால், உப்பு இழுத்த நீர் மேலேயே நிற்கும். இறைச்சி வறுபடாமல் அவியும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, 1 மேசைக்கரண்டி ரீஃபைண்ட் கடலை எண்ணெயில், நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி வறுக்கவும். படலம் கறுக்கத் தொடங்கினால் தீயைக் குறையுங்கள். மிளகுத்தூளும் வெண்ணெயும் இப்போது வேண்டாம், இரண்டும் கருகும். கரண்டியால் வெண்ணெயை அள்ளி மேலே ஊற்றும் வழக்கம் ருசியானதுதான், ஆனால் சாஸ் வைக்கும் நாளில் தவிர்ப்பதே மேல். நடுப்பகுதி 50 டிகிரி செல்சியஸ் காட்டியதும் எடுத்து வையுங்கள். ஆறும்போது இன்னும் சில டிகிரி ஏறி மீடியம் ரேர் (நடுவில் சிவந்தும் இளகியும் இருக்கும் பக்குவம்) ஆகும்.

1 தேக்கரண்டி கொழுப்பை மட்டும் விட்டு மீதியை வடித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 2 மேசைக்கரண்டி போட்டு வதக்கவும். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கியே 100 மி.லி. சிவப்பு ஒயினை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் தீப்பற்றலாம். மரக்கரண்டியால் படலத்தைச் சுரண்டி, மூன்றில் ஒரு பங்காக வற்றவிட்டு, உப்பில்லாத எலும்புச் சாறு 200 மி.லி. சேர்க்கவும். கட்டிச் சாறு (க்யூப்) வேண்டவே வேண்டாம், வற்றினால் உப்புக் கரிக்கும். கடைச் சாற்றில் ஜெலட்டின் குறைவு; 1 தேக்கரண்டி ஜெலட்டின் தூளை குளிர்ந்த நீரில் ஊறவைத்துச் சேர்த்தால் சாஸ் கனம் பெறும், வெண்ணெயையும் பிடித்து நிறுத்தும்.

கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் அடுப்பை அணையுங்கள். குளிர்ந்த வெண்ணெய் 30 கிராமை இரண்டிரண்டு துண்டாகப் போட்டுச் சட்டியைச் சுழற்றவும். மறுபடி கொதித்தாலோ, நீர் அதிகம் வற்றினாலோ கொழுப்பு பிரியும். பிரிந்துவிட்டால் கொட்டிவிடாதீர்கள்: 1 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

உப்பு, மிளகு, இறைச்சியிலிருந்து தட்டில் கசிந்த சாறு எல்லாம் கடைசியில்தான். சாஸை இறைச்சிக்கு அடியில் ஊற்றிப் பரிமாறுங்கள். மேலே ஊற்றினால் மொறுமொறுப்பு ஊறிப்போகும்.