குதிகால் வலிக்குப் பிறகு மீண்டும் எப்போது ஓடலாம்?

காலையில் வைக்கும் முதல் அடியில் சுரீரென்று குத்தி, கொஞ்சம் நடந்ததும் குறைகிறது என்கிறீர்கள். அநேகமாக பிளான்டர் ஃபேசியைடிஸ். உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தசைநார்ப் பட்டையின் கோளாறு. எனக்கும் வந்தது, பெசன்ட் நகர் மணலில் வெறுங்காலோடு ஓடிய வீரத்தின் பலன்.

வெறும் ஓய்வு போதாது. மாடிப்படி விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை 3 நொடியில் உயர்த்தி, 2 நொடி நிறுத்தி, 3 நொடியில் இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள். வாரக்கணக்கில் ஆகும். வீட்டு மொசைக் தரையிலும் செருப்பு வேண்டும் (அம்மா திட்டத்தான் செய்வார்).

காலையில் வரும் அந்த வலி அடங்கியதும் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 20 நிமிடம். மறுநாள் வலி கூடினால் குறையுங்கள். படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பில் விரிசலா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.