கயிறு யார் கையில்?

கேள்வி: நான் நகரில் கணினி, கைபேசிக் கடை வைத்திருக்கிறேன். மீன் சந்தையில் கியூஆர் அட்டை வைக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சங்கத்தின் கணக்கைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்றேன், அதுவும் இலவசமாக. வேண்டாம் என்றுவிட்டார்கள். உலகம் எங்கேயோ போய்விட்டது. எங்கள் சமூகம் மட்டும் ஏன் முன்னேற்றத்தையும் புதிய தொழில்நுட்பத்தையும் இப்படி எதிர்க்கிறது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: தம்பி, உங்களைப் பார்த்துச் சிரித்த மீன்காரரின் சட்டைப் பையில் என்ன இருந்தது? ஸ்மார்ட் போன். உங்கள் கடையிலேயே வாங்கியதாகவும் இருக்கலாம். வள்ளம் கரைக்கு வருமுன்னரே யாருக்கு என்ன மீன் பட்டது, கொழும்பில் இன்றைக்கு என்ன விலை என்று வட்ஸ்அப்பில் கேட்டு முடித்துவிடுகிற ஆள் அவர். அதற்கு யாரும் அவருக்கு வகுப்பு வைக்கவில்லை. 2009இல் கின்னியாப் பாலம் திறந்தபோது, ‘எங்களுக்குப் பழைய பாதைதான் வேண்டும்’ என்று எவராவது குறுக்கே படுத்தார்களா? (வெளியூர் வாசகருக்கு: இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை, சனத்தையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.) வெயிலிலும் மழையிலும் கரையில் காத்துக் கிடந்தவர்களுக்கு 396 மீட்டர் பாலத்தின் அருமையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே ‘எங்கள் சமூகம் எதிர்க்கிறது’ என்ற தீர்ப்பைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கதைப்போம்.

ஒருநாள் விடியற்காலையில் நிலாவெளிப் பக்கம் போய்க் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு கயிற்றையும் இரண்டு கும்பல் பிடித்து, அம்பா என்ற தொழில் பாட்டைப் பாடி, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னுக்குப் பின்னுக்குப் போகும். மீன் சேரும் வலை மடி கரையேறச் சில மணி நேரம் பிடிக்கும். பட்டதில் வலைக்காரருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு.

இவர்களின் தகப்பன்மார் காலத்தில்தான் நைலோன் நூல் வந்தது. அதற்கு முதல் பருத்தி வலை. பட்டைச் சாயத்தில் தோய்க்க வேண்டும், கடலால் வந்ததும் விரித்துக் காயவைக்க வேண்டும், அப்படியும் உக்கிப்போகும், பிறகு இருந்து பொத்த வேண்டும். நைலோனை இரண்டு கையாலும் வாங்கினார்கள். 1950களின் கடைசியில் எஞ்சின் படகுகள் வந்தன, அதையும் விடவில்லை. ஆனால் உழவு இயந்திரத்தில் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) பூட்டிக் கரைவலைக் கயிறு இழுக்கலாம், பாதி ஆள் போதும் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். கடலும் அதுதான், ஆட்களும் அவர்கள்தான். நைலோனால் மிச்சமானது இழுப்பவருடைய வேலை. வின்ச்சால் மிச்சமாவது அவருக்குக் கொடுக்க வேண்டிய பங்கு. அந்தக் கணக்குப் போட அவருக்குக் கணினி தேவையில்லை.

இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கம் 1811இல் பின்னல் தறிகளை உடைக்கத் தொடங்கிய லட்டைட்டுகளை இன்றைக்கும் மெசினைக் கண்டு மிரண்ட மூடர்கள் என்றே பலர் எழுதுகிறார்கள். அவர்கள் அந்தத் தறியிலேயே பிழைத்த கைதேர்ந்த தொழிலாளர். கண்ட தறியை எல்லாம் உடைக்கவும் இல்லை. கூலியைக் குறைத்து, வெட்டித் தைத்த மட்டமான காலுறைகளைச் சந்தையில் தள்ளிய முதலாளிமாரின் தறிகளாகப் பார்த்து உடைத்தார்கள். 1812இல் தறி உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறியே விட்டது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் மாவட்டத்திலேயே சம்பூர் இருக்கிறதே. 2006இல் யுத்தத்தில் எழும்பி ஓடிய சனம் ஊர் திரும்ப முன்னரே, 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அங்கேதான் என்று முடிவாகிவிட்டது. எங்கள் காணி எங்கே, சாம்பல் எங்கே விழும், கொட்டியாரக் குடாவில் சுடுதண்ணீரை விட்டால் மீன் என்னாகும் என்று கேட்டவர்களுக்கு ‘அபிவிருத்திக்கு எதிரானவர்கள்’ என்று பெயர் வைத்தார்கள். 2016இல் அரசாங்கமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வைத்த பெயரை யாரும் திருப்பி எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

சரி, எதிர்ப்பவர் எல்லாரும் நியாயவான்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. வயிற்றுக்காக எதிர்ப்பது ஒன்று, வீம்புக்காக எதிர்ப்பது இன்னொன்று. வீம்பில் படித்தவர்கள்தான் முன்னுக்கு நிற்பார்கள். வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணம் அறுத்துப் படித்த கையைக் குளோரின் கரைசலில் கழுவிய பிறகே பிரசவம் பார்க்க வேண்டும் என்றார். நூற்றுக்குப் பத்துத் தாய்மார் செத்துக்கொண்டிருந்த வார்டில் சில மாதத்தில் அது இரண்டளவுக்கு இறங்கியது. ஆனாலும் பெரிய வைத்தியர்கள் பலருக்குத் தங்கள் கையில்தான் அழுக்கு என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் அலுவலகப் பொடியன் சொல்லிவிடுவான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ‘கொ’ வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு (துணைக்கால்). விரல் தானாகப் போகும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு மாறச் சொன்னபோது நாலு வருடம் இழுத்தடித்தேன். எழுத்து அழகில்லை, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில் சரிவராது என்று வெளியில் காரணம் சொன்னேன். அதில் பாதி உண்மையும்கூட. உள்ளே இருந்த காரணம் வேறு. பாமினியில் நான் ராசா. யுனிகோடில் க முன்னுக்கு, மற்றதெல்லாம் பின்னுக்கு. நேற்று வந்த பொடியன் என்னைவிட வேகம். இருபது வருடத்துக் கைவேகம் ஒரே நாளில் செல்லாக்காசாவதை யார்தான் சிரித்துக்கொண்டு ஏற்பார்கள்? அப்புறம் ஒருநாள் பழைய கட்டுரை ஒன்றைத் தேட வேண்டி வந்தது. பாமினிக் கோப்பில் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது, கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. மூன்று பேர் ஒன்றரை நாளாகப் பழைய இதழ்க் கட்டுகளைப் புரட்டித் தூசி தின்றோம். மறுவாரம் மாறினேன்.

இன்னொன்று. முன்னேற்றம், தொழில்நுட்பம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். சாதகப் பொருத்தம் இப்போது கணினியில்தான் பார்க்கிறார்கள். மணமக்கள் தேடும் இணையத்தளத்தில் சாதியைக் கேட்க ஒரு பெட்டி இருக்கிறது. இதற்கெல்லாம் நம் சனம் பெரிதாக எதிர்ப்புக் காட்டியதில்லை. அதே வீட்டில் மகன் கேட்டால் போன், மகள் கேட்டால் ‘பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு?’ உங்கள் கடையில் சாதகம் அச்சடித்துக் கொடுப்பதுண்டா தம்பி? சும்மா கேட்டேன்.

மீன்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் விடிய ஏலத்தில் மீன் எடுப்பது கைக்காசுக்கு. ஐஸ் கைக்காசு, ஆட்டோ கைக்காசு. நீங்கள் தரும் அட்டையில் காசு வங்கிக்குப் போகும். அவர் அதை எடுக்கப் போக வேண்டும். வரிக்காரர் பயமும் இருக்கும், அதை உங்களிடம் சொல்லமாட்டார். அவருக்கு மீன் விற்கிறவர் முதலில் அட்டை வைக்கட்டும், இவர் மறுநாளே வைப்பார். நீங்கள் ஆளைப் பிழையாகப் பிடித்திருக்கிறீர்கள்.

சங்கத்தில் வேண்டாம் என்றது யார்? சந்தா கட்டும் அங்கத்தவர்களா, கணக்குப் புத்தகத்தைத் தன் வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருப்பவரா? நீங்கள் எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து அங்கத்தவர்களிடமே கேட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள், போடுகிறேன்.

இந்தப் பதிலை யுனிகோடில்தான் அடித்தேன். ‘கொம்பு’ என்ற சொல்லில் மட்டும் மூன்று தரம் பிழைத்துப்போனது.