லேபிளில் இருக்கும் 20 எதைச் சொல்கிறது?

கேள்வி: வேலை விஷயமாக போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்கு வந்திருக்கிறேன். மாமனாருக்கு ஒரு போர்ட் ஒயின் வாங்கிப் போக ஆசை. கடையில் ஒன்றில் '20 ஆண்டு டானி' என்றும், இன்னொன்றில் '2017 விண்டேஜ்' என்றும் இருக்கிறது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். 20 ஆண்டு என்றால் அதுதானே பழையது?

பதில்: டானியையே வாங்குங்கள். ஆனால் பழையது என்பதற்காக அல்ல. பாட்டிலில் உள்ளது முழுக்க 20 வருடத்துக்கு முன்பு பிழிந்த சாறு இல்லை. பல வருடத்து ஒயின்களைக் கலந்து, 20 வருடம் மரத்தில் கிடந்ததற்குரிய குணத்தைக் கொண்டுவருகிறார்கள். அது தேறுகிறதா என்று ருசித்துப் பார்த்து ஒப்புதல் தர அங்கே ஓர் அரசு நிறுவனமே உண்டு. பாட்டில் கழுத்தில் அதன் முத்திரைத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் பிறக்கும் விதம் ஒன்றே. 1756-லேயே எல்லை வகுக்கப்பட்ட டூரோ பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சையை நசுக்குகிறார்கள். கருங்கல் தொட்டியில் இறங்கிக் காலால் மிதிக்கும் பண்ணைகள் இன்னும் இருக்கின்றன. பாதி நொதித்திருக்கும்போதே, 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், சர்க்கரை மிஞ்சிவிடும். அதனால்தான் அந்த இனிப்பும், 20 சதவீதத்தை ஒட்டிய போதையும்.

பிரிவது அதற்குப் பிறகுதான். விண்டேஜ் என்பது லேபிளில் உள்ள அந்த ஒரே வருடத்து விளைச்சல். இரண்டு மூன்று வருடத்தில் பாட்டிலுக்குள் போய், அங்கேயே மெதுவாக முதிரும். 2017 இன்னும் இளசு. அடியில் கசடு தங்கும், வடித்துத்தான் ஊற்ற வேண்டும், திறந்தால் ஓரிரு நாளில் தீர்க்க வேண்டும். டானியோ பீப்பாயிலேயே கிடந்து காற்றோடு பழகியது. சிவப்பு மங்கிப் பழுப்பாகி, கொட்டைப் பருப்பும் உலர்ந்த அத்திப்பழமும் மணக்கும். திறந்த பின்னும் ஃபிரிட்ஜில் சில வாரம் தாங்கும். தினம் ஒரு சின்னக் கிளாஸோடு நிறுத்திக்கொள்ளும் மாமனாருக்கு இதுதான் சரி. (அங்கே பீப்பாய்க்குப் 'பிப்பா' என்று பெயர். நம் 'பீப்பாய்' அந்தப் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.)

டானி பாட்டிலுக்குள் போன பிறகு மேம்படாது. லேபிளில் பாட்டிலில் அடைத்த வருடம் இருக்கும். சமீபத்தியதாகப் பார்த்து எடுங்கள். டானியிலேயே ஒரே வருடத்து விளைச்சல்தான் வேண்டும் என்றால் 'கொல்யெய்ட்டா' என்று கேளுங்கள். அதுவும் டானிதான், குறைந்தது ஏழு வருடம் மரத்தில் இருந்தது.

இந்தியாவுக்குள் வரியில்லாமல் இரண்டு லிட்டர்தான். 750 மில்லி பாட்டில் இரண்டோடு நிறுத்துங்கள், மூன்றாவது கணக்கை மீறிவிடும்.

கேள்வி: 'வின்யோ வெர்டே' என்றால் பச்சை ஒயின் என்றார்கள். வாங்கினால் தண்ணீர் போல வெளிறி, லேசாகக் குமிழி விடுகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. இங்கே பச்சை என்பது நிறமில்லை, இளமை. வடமேற்கில் மின்யோ பகுதியின் ஒயின் இது. மலிவான பாட்டில்களில் அந்தக் குமிழி பெரும்பாலும் பிறகு சேர்த்த வாயுதான். வாங்கினால் சீக்கிரம், சில்லென்று குடித்துவிடுங்கள். வைத்துக் குடிக்க வேண்டுமானால் 'மொன்சாவ், மெல்காசோ' ஊர்ப்பெயரும் 'அல்வரின்யோ' திராட்சையின் பெயரும் உள்ளதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

கேள்வி: அலென்டேஜோ பகுதியில் 'தால்யா' வெள்ளை ஒயின் வாங்கினேன். தேன் நிறத்தில் இருக்கிறது, பிசின் வாடை வேறு. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: இதில் கடைக்காரர் பக்கம்தான் நியாயம். தால்யா என்பது ஆளுயர மண் தாழி. உட்புறம் பைன் பிசின் பூசுவது வழக்கம், வாடை அங்கிருந்து வந்தது. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு போட்டு நொதிக்க விடுவதால் தேன் நிறம். மிதக்கும் தோலைக் கட்டையால் தினமும் அமுக்கிவிடுவார்கள். நொதித்து முடிந்ததும் தோல் அடியில் படிந்து, அதுவே வடிகட்டியாகிவிடும். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் வரை தோலோடு இருந்தால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள விதி அனுமதிக்கும்.

புளிக்காடி வாடை அடித்தால் மட்டும் அது குறை. ரசீதோடு போங்கள். அப்போதும் மறுத்தால் 'லிவ்ரோ தெ ரெக்லமசோய்ஸ்' கேளுங்கள். புகார்ப் புத்தகம் அது. போர்ச்சுகலில் எந்தக் கடையும் அதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் நீட்ட வேண்டும். பல நேரம் புத்தகத்தைக் கேட்டதுமே மாற்றுப் பாட்டில் வந்துவிடும்.