இடுப்பு வலிக்கு ஊசி, சூடு, சாவித்துவார ஆபரேஷன்: எது யாருக்கு?

கேள்வி: ஒரு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கியிருக்கிறதாம். ஊசியிலேயே சரிசெய்துவிடலாமா?

ரிப்போர்ட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வலி இடுப்போடு நிற்கிறதா, பிட்டம் வழியாக முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்குகிறதா? சிகிச்சையை முடிவு செய்வதில் முதல் கேள்வி இதுதான். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. படத்தில் தெரிகிறது என்பதாலேயே அதன்மேல் பழி போட முடியாது. கால் வலி இல்லாமல் வெறும் இடுப்பு வலி என்றால், டிஸ்க்குக்காக ஊசி போட்டுக்கொள்ள அவசரப்படாதீர்கள்.

கேள்வி: எபிடூரல் ஊசி போட்டால் நிரந்தரமாகக் குணமாகுமா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு.

நிரந்தரமாக இல்லை. முதுகுத்தண்டின் உறையைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவதுதான் எபிடூரல் ஊசி. முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்பு வேர் அழுந்தி, காலில் சுரீரென்று வலி இறங்கும்போது, அங்குள்ள அழற்சியை அந்த மருந்து தணிக்கும். பலன் சில வாரம் இருக்கும், சிலருக்குச் சில மாதம். பிதுங்கிய டிஸ்க் பலருக்குத் தானாகவே சுருங்கும் என்பதால், அதுவரை நடமாட முடிந்தாலே அது பெரிய உதவிதான். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். வீட்டில் அடிக்கடி பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: நரம்பைச் சூடாக்கி வலியை நிறுத்துகிறார்களாமே, அது என்ன?

ரேடியோ அலை சிகிச்சை. முதுகெலும்பின் பின்பக்கம் இருக்கும் ஃபேசட் மூட்டுகளிலிருந்து வலியைச் சுமந்து செல்லும் சிறு நரம்புகளுக்கானது. குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போகும் மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஊசியை இறக்குவார்கள். அப்புறம் லேசாக மின்சாரம் செலுத்திப் பார்ப்பார்கள். முதுகுத் தசை துடித்தால் சரி. கால் துடித்தால் ஊசி தவறான நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, நகர்த்த வேண்டும். இடம் உறுதியான பிறகே சுமார் 80 டிகிரி செல்சியஸில் ஒன்று, ஒன்றரை நிமிடம் சூடாக்குவார்கள். பலன் கிடைப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். நரம்பு மறுபடி வளர்ந்ததும் வலி திரும்பலாம்.

இதற்கு முன் அதே நரம்புகளை மருந்தால் தற்காலிகமாக மரக்கச் செய்து சோதிக்க வேண்டும். அன்று ஓய்வெடுக்காதீர்கள். எப்போதும் வலி தரும் வேலையைச் செய்து பார்த்து, மணிக்கு மணி வலி எவ்வளவு என்று எழுதி வையுங்கள். நன்றாகக் குறையவில்லை என்றால் சூடு வேண்டாம்.

இதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-இல் சொன்னது. உடற்பயிற்சியோடு இதைச் சேர்த்தும் பெரிய கூடுதல் பலன் இல்லை என்று 2017-இல் நெதர்லாந்து ஆய்வுகள் சொல்லின. 2025-இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, நாள்பட்ட முதுகு வலிக்கு இதையும் எபிடூரல் ஊசியையும் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. முறையான உடற்பயிற்சியைச் சில மாதம் ஒழுங்காகச் செய்தும் தீராமல், சோதனை ஊசியில் தெளிவாகப் பலன் கண்டவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: எலும்பில் சிமெண்ட் வைத்தால் பழைய இடுப்பு வலி போகுமா?

போகாது. அது முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கானது. அதிலும்கூட 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் வைக்காமல், வைத்ததுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்ட நோயாளிகளுக்கும் அதே அளவு வலி குறைந்தது.

கேள்வி: எண்டோஸ்கோப்பி ஆபரேஷனில் தழும்புகூடத் தெரியாதாமே? என் கணவருக்கு இடுப்பிலிருந்து கால்வரை வலி. இரண்டு நாளாகப் பாதத்தைத் தூக்கி வைக்க முடியவில்லை.

இதுதான் சாவித்துவார ஆபரேஷன். சுமார் ஒரு சென்டிமீட்டர் வெட்டில் கேமரா குழாயை நுழைத்து டிஸ்க் துண்டை எடுத்துவிடலாம், கால் வலிக்கு நல்ல பலனும் உண்டு. ஆனால் தழும்பைப் பற்றி யோசிக்கும் நேரம் இதுவல்ல. பாதம் தொங்குவது நரம்பு பலவீனமாவதன் அடையாளம். இன்றே முதுகுத்தண்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சிறுநீர் போக முடியாமல் இருந்தாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்திருந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரவாக இருந்தாலும் சரி.