யாராகப் பிறப்பீர்கள்?

கேள்வி: மறுபிறவி என்று ஒன்று இருந்து, எந்த வாழ்க்கை வேண்டும் என்று நாமே கேட்டு வாங்கலாம் என்றால் நீங்கள் யாராகப் பிறப்பீர்கள்?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: இருபது வயதில் கேட்டிருந்தால் கிரிக்கெட் வீரனாக என்று சொல்லியிருப்பேன். அதிலும் இடது கை பேட்ஸ்மேன். இப்போது வயது 62, முட்டியே சொன்ன பேச்சு கேட்பதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் குலசேகர ஆழ்வார். திருவேங்கடத்தில் குருகாக, மீனாக, செண்பக மரமாகப் பிறந்தாலும் போதும், சன்னிதியில் படியாகக் கிடந்தாலும் போதும் என்று பாடினார். பெருமாள் கோயில்களில் சன்னிதிப் படிக்கு இன்றும் குலசேகரன் படி என்றுதான் பேர். ராஜாவாக இருந்தவர் இறங்கி இறங்கிக் கேட்டிருக்கிறார். நாம் கேட்பதெல்லாம் ஏறுமுகம்தான். பீடி சுற்றுகிற வீட்டில் பிறக்க வேண்டும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் கேட்பேன். முக்கூடல் பக்கம் அதே வீடு, அதே திண்ணை. ஆனால் இந்தத் தடவை என் அக்காவாக.

அவளை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நான் காலேஜ் வரை போனேன். ராத்திரி இலையை நனையப் போடுவாள், காலையில் தகடு வைத்து வெட்டுவாள். அப்புறம் மடியில் முறம். தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி, 25 பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. ஒரு நாளைக்கு ஆயிரம். கடையில் எண்ணும்போது ஒரு கைப்பிடியைக் கழிவு என்று ஒதுக்கிவிடுவார்கள், அதற்குக் காசு கிடையாது. என் பரீட்சை ஃபீஸ் எல்லாம் மிச்சப் பீடியில் வந்ததுதான்.

சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்து வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாசிப்பேன். கை நிற்காமலே "அப்புறம்?" என்பாள். தொடரும் என்று போட்டிருந்தால் பத்திரிகைக்காரனுக்குத் திட்டு விழும். (இப்போது நானே பத்திரிகைக்காரன்.) கதை முடிந்து நான் எழுந்து விளையாடப் போன பிறகு அவள் என்ன நினைத்துக்கொண்டு மிச்சத்தைச் சுற்றினாள்? ஒரு நாளும் கேட்டதில்லை. தியாகம், தெய்வம் என்று மேடையில் இரண்டு தடவை பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன், அது சுலபம்.

உங்கள் கடிதம் வந்த ராத்திரி போன் போட்டேன். "எக்கா, அடுத்த ஜென்மத்துல நீ என்னவா பிறக்கணும்?"

"ஏல, இன்னும் இலை நனையப் போடல. போனை வை" என்றாள்.