எஞ்சின் வேலை முடிந்தும் லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா? பட்டறைக்காரரிடம் கேட்டவை

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்: அண்ணே, பழைய ஆறு சிலிண்டர் வண்டி. டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்து மாட்டினோம். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவே இல்லை. மறுபடி பம்பை இறக்கச் சொல்கிறார்கள்.

இறக்க வேண்டாம், பொறுங்கள். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சைலன்சர் முனையைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இரண்டுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு. நேற்று வரை ஓடிய வண்டி இன்று பிடிக்கவில்லை என்றால், கை வைத்த இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

புகை இல்லாவிட்டால் முதலில், டீசலை நிறுத்தி எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் லீவரைப் பாருங்கள். கேபிளை இழுத்து மாட்டியிருந்தால் லீவர் 'ஸ்டாப்' பக்கமே நின்றுவிடும். மின்சாரத்தில் டீசலைத் திறந்து மூடும் சாலினாய்டு உள்ள வண்டியானால் அதன் ஒயரைத் திரும்ப மாட்டினார்களா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் ஏர் எடுங்கள், அதாவது டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை, கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். அடுத்து பம்பில் உள்ள ஸ்குரூ. கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில் பக்க நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடித்தால் டீசல் துள்ளி வரும். அப்போது முறுக்கிவிடுங்கள். டேங்க் பக்கம் தொடங்கி எஞ்சின் பக்கம் முடிப்பதுதான் வரிசை.

சங்ககிரியிலிருந்து ஒரு டிரைவர்: ஏர் எடுத்தால் ஓடுகிறது. ராத்திரி நிறுத்தினால் காலையில் மறுபடி அதே கதை. எங்கேயும் சொட்டுக்கூட ஒழுகவில்லையே?

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) வரை உள்ள பைப்பில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே சின்ன இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பழைய செம்பு வாஷரையே திருப்பிப் போட்டிருக்கிறார்களா, ஃபில்டர் ரப்பர் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் ஓரடி நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் டியூப் மாட்டினால், காற்று வருவது கண்ணுக்கே தெரியும்.

ஈரோட்டிலிருந்து ஒரு இளம் மெக்கானிக்: எனக்கு வெள்ளைப் புகை கொட்டுகிறது அண்ணே. டீசல் அடிக்க வேண்டிய நேரத்தைக் காட்டும் பம்ப் டைமிங் மார்க்கைச் சரியாகத்தான் வைத்தேன்.

எந்த மார்க், தம்பி? கிராங்கோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தின் மார்க் மட்டும் போதாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரெஷனில் (பிஸ்டன் காற்றை அழுத்தும் கட்டத்தில்) இருக்கும்போதும் அந்த மார்க் வரும், ஆறாம் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கும்போதும் வரும். ஆறாவதில் வைத்து மாட்டினால் ஒரு முழுச் சுற்று தள்ளி டீசல் அடிக்கும். எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது.

எஞ்சின் மேலே வால்வு பாகங்களை மூடியிருக்கும் டாப்பெட் கவரைத் திறந்து பாருங்கள். ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தித் திறக்கும் கைகள்) கையில் ஆட வேண்டும். அதே நேரம் ஆறாவதில் எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இருக்க வேண்டும். அந்த நிலையில் பம்ப் ஒன்றாவதற்கு டீசல் தர வேண்டும். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பைப்புகளையும், சிலிண்டர்கள் எரியும் 1-5-3-6-2-4 வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள டாப்பெட் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். இறுக்கி வைத்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் போய்விடும். அதற்கும் வெள்ளைப் புகைதான் வரும்.

ஓசூரிலிருந்து: என்னுடையது காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல் நிற்கும் வகை), பிஎஸ்4 புகை விதிப்படி வந்த வண்டி. நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கலாமா?

கூடவே கூடாது. ஓடும்போது அந்த ரெயிலில் ஆயிரம் பாருக்கு மேல் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல்) அழுத்தம் இருக்கும். அந்தச் சின்னப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே புள்ளி அளவுதான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. நீங்கள் எஞ்சின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனர் மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் காட்டவில்லை என்றால் கிராங்க் சுற்றுவதை அறியும் கிராங்க் சென்சாரின் கப்ளரை, அதாவது ஒயர் இணைப்பைப் பாருங்கள். கியர்பாக்ஸ் இறக்கிய வேலை என்றால் அதை மாட்ட மறந்திருக்கலாம், ஒயர் நசுங்கியும் இருக்கலாம். ஆர்பிஎம் வந்து ரெயில் பிரஷர் மட்டும் ஏறவில்லை என்றால் டீசல் வரத்தைப் பாருங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து: ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல் தகடு) மாற்றினோம். செல்ஃப் 'டக்' என்று ஒரு தட்டு தட்டி நின்றுவிடுகிறது.

இனி செல்ஃப் அடிக்காதீர்கள். ஹெட் இறக்கும்போது சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே ஏற இடமிருக்காது. வற்புறுத்தினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நாசில்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் துளை வழியே வந்துவிடும். தண்ணீர் வராமல் இலகுவாகச் சுற்றினால் எஞ்சினில் குறையில்லை. பேட்டரியையும் எர்த் ஒயரையும் பாருங்கள். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் பட்டையை மாட்ட மறப்பது அடிக்கடி நடக்கிறது.

கரூரிலிருந்து: எஞ்சின் சீக்கிரம் பிடிக்க, ஏர் ஃபில்டரில் பெட்ரோல் நனைத்த துணி காட்டலாமா?

வேண்டாம். பெட்ரோல் ஆவி பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து ரிங்கை உடைத்துவிடும். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் இன்டேக் ஹீட்டர் உள்ள வண்டியில் அங்கேயே தீப்பிடிக்கும்.

சேலத்திலிருந்து: லைனர் (சிலிண்டரின் உள்சுவர்க் குழாய்), பிஸ்டன் எல்லாம் புதிது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் எழும்புவதைப் பாருங்கள். ஒரு தடவைக்கு 15 நொடி போதும், பிறகு இரண்டு நிமிடம் செல்ஃப் மோட்டார் ஆறட்டும். டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றி, கொஞ்சம் ஆயில் ஊற்றி மாட்டுங்கள். முள் எழும்பிய பிறகு லீவரை விட்டு ஸ்டார்ட் செய்யலாம். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்காதீர்கள்.