அவள் கல்லூரி ஊரில் இரண்டு நாள்

கேள்வி: பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த என் நெருங்கிய தோழி, ஒரு பெருநகரத்தில் கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நான் சொந்த ஊரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இந்த மாதம் ஒரு சனி, ஞாயிறு வந்து தங்கிவிட்டுப் போ என்று கூப்பிடுகிறாள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அனுப்புகிற போட்டோக்களில் எல்லாம் புதுத் தோழிகள்தான் இருக்கிறார்கள். நான் போய் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டிவருமோ என்று பயமாக இருக்கிறது. சுற்றிப் பார்க்க பன்னிரண்டு இடங்கள் என்று பட்டியலும் போட்டு அனுப்பிவிட்டாள். அத்தனைக்கும் செலவு செய்ய என்னிடம் பணம் இல்லை. ஏதாவது காரணம் சொல்லித் தவிர்த்துவிடலாமா? போவதென்றால் என்ன வாங்கிப்போவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போய்விட்டு வாருங்கள். இந்த மாதமே போங்கள். ஒருமுறை சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தால், மறுபடி கூப்பிட அவளுக்குத் தயக்கம் வந்துவிடும்.

அந்தப் போட்டோக்களைப் பற்றி முதலில் பேசிவிடலாம். அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் வைத்து ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஆக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக ஆக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அதில் தெரியவந்தது. விடுதியில் ஒரே அறை, ஒரே வகுப்பு, ஒரே சாப்பாட்டு மேசை என்று இருப்பவர்கள் இந்த 200 மணி நேரத்தைச் சில வாரங்களிலேயே தாண்டிவிடுவார்கள். அவர்கள் அவளுக்கு நெருக்கமானது இப்படித்தான். உங்களிடமிருந்து எதையும் எடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிடவில்லை அவள். தெரியாத ஊரில் தனியாகப் போய் இறங்கியவளுக்கு, காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித்தர நாலு பேர் கிடைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு நிம்மதிதான். உங்களுக்கும் அந்த நிம்மதி மெல்ல வரும்.

பன்னிரண்டு இடம் என்ற அந்தப் பட்டியலைப் படித்தபோது, உங்கள் தோழியும் பயந்துபோயிருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றியது. வேலைக்குப் போகிறவள் லீவு நாளைச் செலவழித்து இவ்வளவு தூரம் வருகிறாளே, சலித்துப் போய்விடுவாளோ என்ற கவலை. நகரத்தையே தூக்கிவந்து உங்கள் முன்னால் வைத்துவிடப் பார்க்கிறாள். அப்படியே நடந்தால் இரண்டு நாளும் பஸ்ஸிலும் வரிசையிலும் கால்வலியிலும் போய்விடும். பன்னிரண்டில் ஒன்றை நீங்கள் எடுங்கள், ஒன்றை அவள் எடுக்கட்டும். மீதி அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

மிச்சமாகும் நேரத்துக்கு நீங்களே ஒன்று கேளுங்கள்: அவள் சாதாரணமாக ஒரு நாளை எப்படிக் கழிக்கிறாளோ அதைக் காட்டச் சொல்லுங்கள். வகுப்புக்கு அவள் நடந்து போகும் வழியில் கூடவே நடந்து பாருங்கள். நூலகத்தில் வழக்கமாக உட்காரும் இடம் எது, துணி எங்கே காயப்போடுகிறாள், வீட்டு நினைவு வந்து அழுகை முட்டினால் எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறாள், எல்லாம் கேளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் போனில் அவள் "லைப்ரரியில இருக்கேன்" என்றால் அந்த ஜன்னலும் நாற்காலியும் உங்கள் கண்ணில் தெரியும். வெளியூரில் இருப்பவளோடு நட்பைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிடப் பெரிய உதவி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் இவ்வளவு வற்புறுத்துவதும் இதற்காகத்தான்.

பணத்தைப் பற்றி டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். "இந்த ட்ரிப்புக்கு என்னால இவ்வளவுதான் முடியும், அதுக்குள்ள பார்த்துக்கலாமா?" என்று ஒரு மெசேஜ் போதும். அவளும் வீட்டிலிருந்து வரும் பணத்தில் மாதத்தை ஓட்டுகிறவள்தானே, அவளுக்கும் அது ஆறுதலாகவே இருக்கும். அங்கே போன பிறகு, பில் வந்த நேரத்தில் பர்ஸைப் பார்த்துக் கூசி நிற்பதுதான் கொடுமை. யார் கொடுத்தாலும் அன்றன்று இரவே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

தங்குவதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பல விடுதிகளில் வெளியாட்கள் இரவு தங்க அனுமதி கிடையாது. அனுமதிக்கும் இடங்களிலும் வார்டனிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கும். "யாருக்கும் தெரியாம கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று அவள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாட்டிக்கொண்டால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், தண்டனை அவளுக்குத்தான். அறையில் கூட இருப்பவரிடமும் அவள் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.

சரி, அந்தப் புதுத் தோழிகள். அவர்களைத் தவிர்க்க வேண்டாம்; இரண்டு நாளும் அவர்களோடேயே கழிக்கவும் வேண்டாம். சேர்ந்து ஒரு வேளை சாப்பாடு, கொஞ்சம் அரட்டை, அவ்வளவு போதும் என்று தோழியிடம் முன்பே சொல்லிவையுங்கள். அங்கே பள்ளிக்காலக் கதைகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவர்களால் அதில் கலந்துகொள்ள முடியாது. அவர்களைப் பற்றிக் கேளுங்கள். முதல் சந்திப்பு முடிந்ததும் "என்னை அவங்களுக்குப் பிடிக்கலையோ" என்று மனசு அரிக்கும். பெரும்பாலும் அது பொய்க் கணக்கு. எரிகா பூத்பி என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகப் பேசிப் பழகியவர்கள் எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். கல்லூரியில் ஒன்றாகத் தங்கியிருந்த மாணவர்களிடமும் இந்த எண்ணம் பல மாதம் நீடித்தது.

இதையெல்லாம் மீறி ஒரு கணம் வரும். சனிக்கிழமை காலை, நீங்கள் அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பீர்கள். போன் அதிரும், அவள் எடுத்துப் பார்த்துச் சிரிப்பாள். யார், என்ன விஷயம், எதுவும் உங்களுக்குத் தெரியாது. வயிற்றில் ஏதோ பிசையும். அப்போது நீங்களும் உங்கள் போனை எடுத்துக்கொண்டு குனிந்துவிடாதீர்கள். "யாருடி அது, எனக்கும் சொல்லு" என்று பக்கத்தில் நகர்ந்து உட்காருங்கள். சொல்லத் தொடங்கிவிட்டாள் என்றால் ஆறு மாதக் கதையும் வந்துவிடும். அந்த இரவே, விளக்கை அணைத்த பிறகு, எனக்கு எழுதிய பயத்தை அவளிடமும் சொல்லிவிடுங்கள். "நீ எனக்குத் தூரமாயிடுவியோன்னு இருந்துச்சு" என்று நீங்கள் ஆரம்பித்தால், அவளிடமும் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கிளம்பிவிடுங்கள். உங்களுக்குத் திங்கட்கிழமை வேலை, அவளுக்கு வகுப்பு. அந்த வாரம் அவளுக்குத் தேர்வு ஏதும் இல்லையே என்பதையும் தேதி குறிக்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன வாங்கிப்போவது என்று கேட்டிருந்தீர்கள். கடைக்குப் போகாதீர்கள். அவள் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அவசரத்தில் விட்டுப்போன போர்வையோ, புத்தகமோ, கம்மலோ ஏதாவது இருக்கும். போகிற தேதி தெரிந்தால் அவள் அம்மாவே ஒரு பை கட்டித் தருவார். அதற்கு உங்கள் பெட்டியில் இடம் விட்டுவையுங்கள்.